விருப்பாட்சியில் எட்டாண்டு

அரசுகள் கவிழ்ந்த காலங்களைப் பற்றி வரலாற்றாசிரியர் விரிவாக எழுதியுள்ளனர். எந்தக் கோட்டை எந்த நாளில் வீழ்ந்தது, எந்த மன்னன் எக்களத்தில் மாண்டான் என்பன அவர்தம் நூல்களில் தெளிவாகக் காணப்படும். ஆனால், கோட்டை வீழ்ந்த அன்றிரவு அரண்மனையின் பின்வாயில் வழியே வெளியேறிய மகளிர் எங்குச் சென்றனர், எவ்வாறு வாழ்ந்தனர் என்னும் வினாவிற்கு அந்நூல்களில் பெரும்பாலும் விடை இராது.

1917 ஆம் ஆண்டில் உருசிய நாட்டில் புரட்சி எழுந்தது. முந்நூறு ஆண்டுகள் ஆண்ட ரோமனோவ் மரபின் முடியாட்சி சில நாள்களில் முடிவுற்றது. அம்மரபில் தோன்றியவர் மரியா பாவ்லோவ்னா என்னும் இளவரசியார். பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தருக்கு அவர் பேர்த்தி. முடியிழந்த இரண்டாம் நிக்கோலசு மன்னருக்குச் சிற்றப்பன் மகள். பணிப்பெண்டிர் சூழ வளர்ந்த அவர், புரட்சிக்குப் பின் 1918 இல் நாட்டைவிட்டுத் தப்பியோடினார். அவருடைய தந்தையார் 1919 இல் சுட்டுக் கொல்லப்பட்டார். கையிலிருந்த அணிகலன்களை விற்று உண்ட இளவரசியார், அவை தீர்ந்தபின் கம்பளிச் சட்டைகளைத் தம் கையாலேயே பின்னி விற்றார். பின்பு பாரிசு மாநகரை அடைந்து, பொறியின் முன் அமர்ந்து பூத்தையல் கற்று, 1921 இல் அத்தொழிலுக்கென ஒரு நிலையம் தொடங்கினார். 1958 இல் செருமனி நாட்டில் காலமாகும்வரை அவர் தம் தாய்நாட்டிற்கு மீளவே இல்லை.

இத்தகைய வீழ்ச்சி உருசியாவுக்கு மட்டும் உரியதன்று. அப்புரட்சிக்கு 145 ஆண்டுகள் முன்னர், 1772 இல், தென்றமிழ் நாட்டின் சேதுச் சீமையில் ஒரே திங்களில் இரண்டு அரசுகள் வீழ்ந்தன. ஒரே குடும்பத்தைச் சார்ந்த இரண்டு அரசியர் அத்திங்களில் தம் அரண்மனைகளை இழந்தனர். ஒருவர் சிறை புகுந்தார். மற்றொருவர் நாட்டை விட்டு வெளியேறினார். மரியா பாவ்லோவ்னாவைப் போலன்றி, எட்டாண்டுகளுக்குப் பின் திரும்பியும் வந்தார். அவரே வேலு நாச்சியார்.

சேதுபதி மன்னர்களின் நாடு கடற்கரையில் இராமேசுவரம் முதலாக மேற்கே கமுதி, அபிராமம், முதுகுளத்தூர் ஆகிய ஊர்கள்வரை பரந்து கிடந்தது. ஆற்று நீரினும் கண்மாய் நீரையே பெரிதும் நம்பி வாழ்ந்த நாடு அது. மழை பெய்த ஆண்டில் நெல்லும், பொய்த்த ஆண்டில் சிறுதானியமும் அதன் மக்களுக்கு உணவாயின. நெசவும் உப்பும் முத்துக்குளித்தலும் அரசின் கருவூலத்திற்குத் துணை செய்தன. 1730 ஆம் ஆண்டளவில் இந்நாடு இரண்டாகப் பிரிந்தது. ஐந்து கூறுகளில் மூன்று இராமநாதபுரத்திற்கும், இரண்டு சசிவர்ணப் பெரிய உடையாத் தேவர் நிறுவிய சிவகங்கைக்கும் உரியவாயின. நாடு பிரிந்ததேயன்றி உறவு பிரியவில்லை. இரு அரண்மனைகளும் தம்முள் பெண் கொண்டும் கொடுத்தும் வந்தன.

வேலு நாச்சியார் 1730 இல் இராமநாதபுரத்தில் பிறந்தார். அவருடைய தந்தையார் செல்லமுத்து விசயரகுநாத சேதுபதி. உடன்பிறந்த ஆண்மக்கள் இல்லாமையால், ஆண்மகனுக்குரிய பயிற்சிகள் அனைத்தும் அவருக்கு அளிக்கப்பட்டன என்று அந்நாட்டு மரபு கூறும். வாளும் சிலம்பமும் குதிரையேற்றமும் அவர் பயின்றார். தமிழேயன்றி உருதுவும் பிற மொழிகளும் கற்றார். அரண்மனைப் பெண்ணுக்கு அயல்மொழி எதற்கு என்று அன்று எவரேனும் வினவியிருந்தால், விடை கூறுதல் அரிதாகவே இருந்திருக்கும். அக்கல்விக்குப் பயன் நாற்பதாண்டு கழித்துக் கிட்டியது.

1746 இல் அவர் சிவகங்கை இளவரசர் முத்துவடுகநாதரை மணந்தார். 1750 இல் முத்துவடுகநாதர் அரியணை ஏறினார். இருபத்திரண்டு ஆண்டுகள் வேலு நாச்சியார் ஆட்சிபுரியும் மன்னரின் மனைவியாக வாழ்ந்தார். வெள்ளச்சி என்னும் மகள் பிறந்தாள். அரசியலைத் தாண்டவராய பிள்ளை என்னும் பிரதானி நடத்தினார். மருதிருவர் என்று வழங்கப்பெறும் பெரிய மருதுவும் சின்ன மருதுவும் அந்நாளில் மன்னரின் பணியில் இருந்த இளைஞர்கள்.

அக்காலத்தில் ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி, தென்னாட்டு அரசர் அனைவரும் தமக்குத் திறை செலுத்த வேண்டும் என்றார். அவருக்குத் தம் படை என ஒன்று பெயரளவில் இருந்தது. ஆனால் வென்று தருவது ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பெனியின் படையே. அப்படைக்குக் கூலி கொடுக்க நவாபு கடன் வாங்கினார். கடனைத் தீர்க்க மேலும் திறை கேட்டார். திறை வராதபோது மீண்டும் கும்பெனிப் படையையே அனுப்பினார். இச்சுழலில் அகப்பட்ட நாடுகள் பல. சேதுச் சீமையின் இரண்டு அரசுகளும் அவற்றுள் அடங்கும்.

1772 ஆம் ஆண்டுக் கோடையில் தளபதி சோசப்பு சுமித்தின் தலைமையில் கும்பெனிப் படையும், நவாபின் மைந்தருடன் வந்த படையும் முதலில் இராமநாதபுரத்தைச் சூழ்ந்தன. அங்கு அரியணையில் இருந்தவர் முத்துராமலிங்க சேதுபதி. பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுவர். ஆட்சியைத் தாங்கியவர் அவருடைய அன்னையார் முத்து திருவாயி நாச்சியார். இவர் வேலு நாச்சியாருக்கு அத்தை முறையினர். பீரங்கிக் குண்டுகளால் கோட்டை மதில் பிளந்தது. சூன் திங்களின் தொடக்கத்தில் கோட்டை வீழ்ந்தது. அரசியும் சிறுவரும் சிறைப்பட்டுத் திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஒரு நாட்டின் மன்னராக முடிசூடிய சிறுவர், இளமை முழுவதையும் கற்சுவர்களுக்கிடையே கழித்து, 1781 இல்தான் வெளிவந்தார்.

இராமநாதபுரம் வீழ்ந்த செய்தி சிவகங்கைக்கு எட்டுதற்குள் படையும் திரும்பிவிட்டது. முத்துவடுகநாதர் காட்டரணால் சூழப்பட்ட காளையார்கோவிலைத் தம் காப்பிடமாகக் கொண்டார். கிழக்கிலிருந்து சுமித்தும், மேற்கிலிருந்து பாஞ்சோர் என்னும் தலைவனும் நெருங்கினர். 1772 சூன் 25 ஆம் நாள் காளையார்கோவில் தாக்கப்பட்டது. மன்னர் களத்தில் வீழ்ந்தார். இளைய அரசி கௌரி நாச்சியாரும் அவருடன் மாண்டார் என்பர். அன்று வேலு நாச்சியார் கொல்லங்குடியில் இருந்தார்.

அவருக்கு அப்போது வயது நாற்பத்திரண்டு. அக்கால வழக்கப்படி கணவருடன் உயிர் துறத்தல் ஒன்று. பகைவரிடம் பணிந்து உதவித்தொகை பெற்று வாழ்தல் ஒன்று. இவ்விரண்டையும் அவர் தெரிந்தெடுக்கவில்லை. மகளை அழைத்துக்கொண்டு, தாண்டவராய பிள்ளையும் மருதிருவரும் துணைவர, வடமேற்கே நெடுவழி நடந்தார். அவர் சென்ற திசையைப் பகைவர்க்குக் காட்ட மறுத்த உடையாள் என்னும் பெண் வெட்டுண்டு இறந்தாள் என்று மக்கள் இன்றும் கூறுவர். கொல்லங்குடி வெட்டுடையார் காளியம்மன் கோவில் அப்பெண்ணின் நினைவோடு இணைத்துப் பேசப்படுகிறது. அரசர் பெயர்களையே எழுதிவைத்த ஏடுகளில் உடையாளின் பெயர் இல்லை. ஊரார் அதனை மறவாது காத்தனர்.

சிவகங்கைக்கு நவாபின் ஆட்கள் உசேன் நகர் என்று புதுப்பெயர் இட்டனர். ஊரின் பெயரையே மாற்றிவிட்டால் பழைய உரிமை மறைந்துவிடும் என்பது அவர்தம் எண்ணம் போலும்.

அரசியார் சென்றடைந்த இடம் திண்டுக்கல்லுக்கு மேற்கே, பழனி செல்லும் வழியிலுள்ள விருப்பாட்சி. அதன் பாளையக்காரர் கோபால நாயக்கர். அடைக்கலம் கொடுத்தல் எளிதன்று. நவாபின் சினமும் கும்பெனியின் பீரங்கியும் தம் மீது திரும்பக்கூடும் என்பதை அறிந்தே அவர் கதவைத் திறந்தார். ஆயினும் ஒரு நலம் இருந்தது. திண்டுக்கல் கோட்டை அந்நாளில் மைசூர் ஆட்சிக்கு உட்பட்டது. மைசூரை ஆண்டவர் ஐதர் அலி. அவர் 1755 இல் அதே திண்டுக்கல்லில் படைத்தலைவராகப் பணியாற்றி உயர்ந்தவர். அப்பகுதியின் மலையும் வழியும் மக்களும் அவருக்கு நன்கு தெரிந்தவை.

1772 திசம்பர் 8 ஆம் நாள் தாண்டவராய பிள்ளை ஐதர் அலிக்கு ஒரு மடல் எழுதினார். ஐயாயிரம் குதிரை வீரரும் ஐயாயிரம் காலாட்படையினரும் தந்தால் நாட்டை மீட்க இயலும் என்பது அதன் கருத்து. கணவரை இழந்து ஆறு திங்களும் நிறையாத நிலையில் அரசியாரின் சார்பில் எழுந்த வேண்டுகோள் அது. அதில் இரக்கம் வேண்டல் இல்லை. தொகையும் தேவையும் கணக்காகக் கூறப்பட்டன. அம்மடலை எழுதிய முதுபெரும் அமைச்சர் நாடு மீண்டதைக் காணாமலே மறைந்தார்.

பின்னர் வேலு நாச்சியாரே ஐதர் அலியிடம் நேரில் முறையிட்டார் என்றும், உருது மொழியிலேயே உரையாடினார் என்றும் கூறுவர். ஐதர் அலி எழுதப் படிக்க அறியாதவர், ஆனால் பல மொழிகளைப் பேச வல்லவர், நினைவாற்றல் மிக்கவர். ஏட்டைவிடப் பேச்சையே நம்பிய அம்மன்னர் முன், இடையே மொழிபெயர்ப்பாளர் ஒருவரும் இன்றித் தம் வழக்கைத் தாமே எடுத்துரைக்க அரசியாரால் இயன்றது. அரண்மனையையும் அணிகலனையும் பகைவர் கவர்ந்தனர். இளமையில் கற்ற மொழியை அவர்கள் கவர இயலவில்லை. ஐதர் அலி உதவுவதாக வாக்களித்தார். விருப்பாட்சியிலும் திண்டுக்கல்லிலும் அரசியாருக்குப் பாதுகாப்பு அளித்தார்.

வாக்குக் கிடைத்தது. படை கிடைக்கவில்லை. ஓர் ஆண்டு, ஈராண்டு என எட்டாண்டுகள் சென்றன. வேலு நாச்சியாரின் வரலாற்றைக் கூறுவோர் பலர் இவ்வெட்டாண்டுகளை ஒரே வரியில் கடந்து, வாளேந்திய அரசியைக் காட்ட விரைகின்றனர். அவர் பொறுமையின் பெருமையெல்லாம் இக்காலத்தில்தான் விளங்குகிறது.

ஐதர் அலி ஏன் காலந்தாழ்த்தினார்? 1769 இல் சென்னையில் அவரும் கும்பெனியாரும் செய்த உடன்படிக்கைப்படி, ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் உதவ வேண்டும். மராட்டியர் மைசூரைத் தாக்கியபோது கும்பெனியார் உதவவில்லை. மராட்டியரிடம் இழந்த நிலப்பகுதிகளை மீட்பதிலேயே ஐதர் அலி பல ஆண்டுகளைச் செலவிட்டார். உள்ளத்தில் கும்பெனியார் மீது சினம் இருந்தும், இரண்டு பகைவரோடு ஒரே காலத்தில் பொர அவர் விரும்பவில்லை. எனவே, விருப்பாட்சியில் அரசியார் காத்திருந்தார்.

வெறுமனே காத்திருக்கவில்லை. நாட்டில் எஞ்சியிருந்த நாட்டுத் தலைவர்களோடு தொடர்பு அறாமல் பார்த்துக்கொண்டார். நவாபின் ஆட்கள் வரி தண்டிய கொடுமையால் மனம் நொந்தோர் காடுகளில் மருதிருவரைச் சார்ந்து திரண்டனர். மகளிர் படையொன்று அமைக்கப்பட்டதென்றும், உயிர் தந்த உடையாளின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டதென்றும் மரபுச் செய்தி உண்டு. ஒரு சிற்றூரின் விருந்தினராக இருந்துகொண்டு, வருவாயும் கருவூலமும் இன்றி, தம்மை நம்பி வந்தோரை எட்டாண்டுகள் பிரியாமல் காத்தல் போர்க்களத்தில் வெல்வதினும் அரிய செயலாகும். விட்டுப் பிரிந்து நவாபிடம் சென்றிருந்தால் மருதிருவருக்கு வாழ்வு கிடைத்திருக்கும். அவர்கள் செல்லவில்லை.

இதற்கிடையே உலகின் மறுகோடியில் நிகழ்ந்த ஒன்று சிவகங்கையின் விதியைத் தொட்டது. அமெரிக்கக் குடியேற்ற நாட்டினர் இங்கிலாந்தை எதிர்த்து விடுதலைப் போர் தொடங்கியிருந்தனர். 1778 இல் பிரெஞ்சுக்காரர் அவர்கள் பக்கம் சேர்ந்தனர். உடனே இந்தியாவிலும் ஆங்கிலேயர் பிரெஞ்சுக் குடியிருப்புகளைத் தாக்கினர். 1779 இல் மலையாளக் கரையிலுள்ள மாகியைப் பிடித்தனர். ஐதர் அலிக்கு வேண்டிய படைக்கலங்கள் வந்திறங்கிய துறைமுகம் அது. அவருடைய பொறுமை முடிந்தது. 1780 சூலைத் திங்களில் பெரும்படையுடன் கருநாடக நாட்டினுள் இறங்கினார்.

கும்பெனியாரும் நவாபும் வடக்கே திகைத்து நிற்க, தெற்கே வழி திறந்தது. ஐதர் அலி அளித்த துணைப்படையுடனும் மருதிருவர் திரட்டிய வீரருடனும் வேலு நாச்சியார் சிவகங்கைச் சீமையினுள் புகுந்தார். இடையில் நின்ற காவற்படைகள் ஒவ்வொன்றாக முறிந்தன. சிவகங்கைக் கோட்டையினுள் விழாநாளில் வழிபடச் செல்வார் போல் மகளிர் நுழைந்தனர் என்றும், குயிலி என்னும் வீரப்பெண் தன் உடலில் தீ மூட்டிக்கொண்டு வெடிமருந்துக் கிடங்கில் பாய்ந்தாள் என்றும் நாட்டு வழக்கு கூறுகிறது. அக்கால ஆவணங்களில் இச்செய்தி காணப்பெறாவிடினும், சிவகங்கை மக்கள் குயிலியை மறந்தாரல்லர். 1780 இல் நாடு மீண்டது. உசேன் நகர் என்னும் பெயர் ஒழிந்தது. வேலு நாச்சியாருக்கு அப்போது வயது ஐம்பது.

கதை இங்கு முடியுமானால் இனிதாக இருக்கும். வாழ்க்கை அவ்வாறு முடியவில்லை. மீண்ட நாடு பழைய நாடு அன்று. ஆண்டுதோறும் நவாபு திறை கேட்டார். 1783 இல் கர்னல் புல்லார்ட்டன் என்பவரின் தலைமையில் கும்பெனிப் படை சிவகங்கைக்கு வந்தது. மீண்டும் காளையார்கோவில் காடே புகலிடமாயிற்று. பெருந்தொகை கொடுத்தே அம்முறை அமைதி பெற முடிந்தது.

வாள் பிடித்து நாட்டை மீட்டவர்கள் மருதிருவர். சின்ன மருது பிரதானி ஆனார். பெரிய மருது படைத்தலைவர் ஆனார். ஆட்சியின் அன்றாட அலுவல்கள் அவர்கள் கைக்குச் சென்றன. மக்களும் அவர்களையே நாடினர். இடரில் பிரியாதிருந்தோர், ஆக்கம் வந்தபின் மனவேறுபாடு கொண்டனர். 1789 இல் அவ்வேறுபாடு முற்றியது. நவாபும் கும்பெனியாரும் தலையிட, கும்பெனிப் படை மறுபடியும் சீமைக்குள் புகுந்தது. அதன் பின் ஆட்சி, வெள்ளச்சி நாச்சியாரை மணந்த வேங்கன் பெரிய உடையாத் தேவரிடம் ஒப்படைக்கப்பட்டது. இதில் எவர் பக்கம் குற்றம் என்று ஒரு சொல்லில் தீர்ப்புக் கூறுதல் தகாது. அரசியார் தம் உரிமையை எண்ணினார். மருதிருவர் தம் உழைப்பை எண்ணினர். வெள்ளச்சி நாச்சியாரும் தாய்க்கு முன்னரே உலகை நீத்தார். 1796 திசம்பர் 25 ஆம் நாள் வேலு நாச்சியார் காலமானார். காட்டில் புகலிடம் தேடி அலைந்த காலம் போக, அவர் அரசராக இருந்து ஆண்டது பத்தாண்டே.

அவர் மறைந்தபின் நிகழ்ந்தவை விரைவாக நிகழ்ந்தன. திருச்சிராப்பள்ளிச் சிறையில் வளர்ந்த முத்துராமலிங்க சேதுபதியைக் கும்பெனியார் 1795 இலேயே அரியணையிலிருந்து நீக்கி மீண்டும் சிறை வைத்திருந்தனர். 1809 இல் சென்னையில் காவலில் இருந்தபடியே அவர் மாண்டார். 1799 இல் மயிலப்பன் சேர்வைகாரர் முதலியோர் கிளர்ந்தெழுந்து முதுகுளத்தூர்க் கச்சேரியைத் தாக்கினர். அபிராமத்தில் கும்பெனியார் நெசவாளரிடம் கொண்டு குவித்திருந்த துணிக்கிடங்கையும் கைப்பற்றினர். அடைக்கலம் தந்த கோபால நாயக்கர் 1801 இல் தூக்கிலிடப்பட்டார். அதே ஆண்டு அக்டோபர் 24 ஆம் நாள் மருதிருவரும் திருப்பத்தூரில் தூக்கேறினர். வேங்கன் பெரிய உடையாத் தேவர் கடல் கடந்து பினாங்குத் தீவுக்கு அனுப்பப்பட்டார்.

1803 இல் கும்பெனியார் நிலையான வரித்திட்டத்தைச் சேதுச் சீமையில் புகுத்தினர். முத்துராமலிங்க சேதுபதியின் தமக்கையார் மங்களேசுவரி நாச்சியார் இராமநாதபுரத்தின் சமீன்தாரிணி ஆக்கப்பட்டார். அவர் படை வைத்திருத்தல் கூடாது; கோட்டையும் அவருக்குத் தேவையில்லை; குறித்த நாளில் குறித்த தொகையைக் கட்டினால் போதும். வேலு நாச்சியார் மறைந்து அப்போது ஏழாண்டுகளே ஆகியிருந்தன.